கட்டத்தின் ஓரத்தில் என்ன எழுதுவது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீலகிரி மாவட்டக் கூடலூரில், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோயான அரிவாள் செல் சோகை பற்றித் தம்பதிகளுக்கு நீதான் விளக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இந்தியாவில் இந்த நோய்க்குக் காரணமான ‘எஸ்’ ஹீமோகுளோபினை முதலில் கண்டதே 1952-இல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அங்கே புன்னட் கட்டம், அதாவது பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளையிடம் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் நாலு அறைக் கட்டம், பரீட்சைக் கேள்வியோடு நிற்பதில்லை.

கட்டம் தப்பாவது பெரும்பாலும் ஓரத்தில். சாதாரண மரபணு ஏ, நோய் தரும் மரபணு எஸ். அப்பா ஏஎஸ் (இரண்டிலும் ஒவ்வொன்று), அம்மா ஏஎஸ் என்றால் அப்படியே ‘ஏஎஸ்’ என்று சேர்த்து எழுதிவிடுவார்கள். ஒரு விந்தணுவில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உண்டாக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் ஒரே நகல்தான் போகும், ஏ அல்லது எஸ். கருமுட்டையும் அப்படியே. ஆகவே மேலே அப்பாவுக்கு ஏ, எஸ் என்று இரண்டு பத்தி. இடப்பக்கம் அம்மாவுக்கு ஏ, எஸ் என்று இரண்டு வரிசை. உள்ளே ஏஏ, ஏஎஸ், ஏஎஸ், எஸ்எஸ். கடைசி அறைதான் நோய். ஏஎஸ் உள்ளவர் மரபணுவைச் சுமப்பவர். பொதுவாகத் தொந்தரவு இராது.

நாலு அறை என்றால் நாலு பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்கள். “மூத்தவனுக்கு வந்துவிட்டது, இனி மூணு பேருக்கு வராது” என்பார்கள். இரண்டு கிண்ணத்தில் ஏ, எஸ் சீட்டுகளைப் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுக்கச் சொல். பார்த்துவிட்டுத் திரும்பப் போடச் சொல். திரும்பப் போடுவதுதான் முக்கியம். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒன்றுதான், மாறாது. இரண்டு பிள்ளைகளுமே தப்பிக்கும் வாய்ப்பு முக்கால் பெருக்கல் முக்கால், 16-இல் 9. ஒருவருக்காவது வரும் வாய்ப்பு 16-இல் 7. பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

பெற்றோர் இருவரும் ஏஎஸ் ஆன ஒரு நோயாளியின் அக்கா, நல்ல ஆரோக்கியமாக இருப்பவள், “நான் சுமப்பவளா?” என்று கேட்டால் ‘பாதி வாய்ப்பு’ என்று சொல்லிவிடாதே. அவளுக்கு நோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால் எஸ்எஸ் அறையைப் பென்சிலால் அடித்துவிடு. மிச்சம் மூன்று அறை, அதில் இரண்டு ஏஎஸ். எனவே மூன்றில் இரண்டு. ஏஎஸ் ஆன ஒருவரை அவள் மணந்தால், பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு அதில் நாலில் ஒன்று, அதாவது ஆறில் ஒன்று. இது அவளுக்குச் சோதனை செய்யும்வரைதான். செய்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை.

எந்தச் சோதனை என்பதையும் பார். இரத்தத்தை ஒரு கரைசலில் கலந்து பார்க்கும் கரைதிறன் சோதனையில் எஸ் இருந்தால் குழாய் கலங்கி, பின்னால் வைத்த கோடுகள் மறைந்துவிடும். ஆனால் ஏஎஸ், எஸ்எஸ் இரண்டுமே கலங்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, கருவிலிருக்கும்போது உண்டாகும் எஃப் ஹீமோகுளோபின் அதிகம் என்பதால், எஸ் இருந்தும் தெளிவாகவே தெரியலாம். கட்டத்தில் எழுதுவதற்கு, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் ரிப்போர்ட் வேண்டும்.

ஒரு விஷயத்தில் அவசரப்படாதே. பிள்ளைக்கு எஸ்எஸ் மாதிரி ரிப்போர்ட் வரும்; அப்பாவிடம் எஸ் இருக்காது. உடனே வீட்டில் வேறு பேச்சு கிளம்பும். அப்பாவின் ஏ2 ஹீமோகுளோபின் (எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும் இன்னொரு வகை) அளவைப் பார். 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அவர் பீட்டா தலசீமியா (பீட்டா குளோபின் குறைவாகவோ, உண்டாகாமலோ போகும் மரபணுக் கோளாறு) சுமப்பவராக இருக்கலாம். அம்மாவிடமிருந்து எஸ், அப்பாவிடமிருந்து தலசீமியா மரபணு. அது ஏ-யைச் சுத்தமாக உண்டாக்காத வகையானால் ரிப்போர்ட் எஸ்எஸ் போலவே இருக்கும். அந்த மாதிரி குடும்பத்துக்கு அப்பாவின் பத்திகளில் ஏ, தலசீமியா என்று எழுதிப் புதுக் கட்டம் போடு. இரண்டு பேரின் ரிப்போர்ட்டும் கைக்கு வரும்வரை ஓரத்தில் கேள்விக்குறியே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா