தொடக்கப் பள்ளிப் பெற்றோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் முறைப்படி நடைபெற்றன. விளையாட்டு விழாவுக்குச் சங்கம் வழக்கம்போல் உதவியது.

இவ்வாண்டின் பெரும்பகுதியை, வட்டாரத் தொடக்கப் பள்ளிகளின் மறுசீரமைப்பே எடுத்துக்கொண்டது. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேரலாம் என்ற சேர்க்கை எல்லைகளை மட்டும் மாற்றி வரைவது, மாணவர் குறைந்த பள்ளியை அடுத்த பள்ளியோடு இணைப்பது, இரண்டு பள்ளிகளில் ஒன்றில் கீழ்வகுப்புகளையும் மற்றொன்றில் மேல்வகுப்புகளையும் மட்டும் நடத்துவது என மூன்று வழிகளை முன்வைத்துக் கல்வி நிர்வாகம் நம் கருத்தைக் கேட்டுள்ளது.

மூன்றாவது வழி புதிதன்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் வெள்ளையினப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் தனித்தனியே படித்த இரண்டு பள்ளிகளை 1948இல் இவ்வாறுதான் ஒன்றாக்கினார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகள் அனைவரும் ஓரிடத்தில் சேர்வதால் பிரிவுகளைச் சமமாக அமைக்கலாம். ஆனால் அக்காளை ஒரு வாசலிலும் தம்பியை வேறொரு வாசலிலும் விட்டுவர வேண்டியிருக்கும்.

இணைப்பில் கட்டடச் செலவு மிச்சமாகும் என்பது உண்மையே. அதற்காக வகுப்பறைகள் நெருக்கடியானால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த ஆய்வில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் படித்த சிறுபிள்ளைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் படித்தவர்களைவிட வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தனர்.

இணைக்க உத்தேசித்துள்ள கட்டடத்துக்கு, முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தியையும் அவள் தாயாரையும் அழைத்துக்கொண்டு ஒரு காலையில் நடந்தேன். புத்தகப்பை தோளிலிருந்து நழுவ நழுவ, வழியில் மூன்று முறை நின்றோம். அங்கே கைகழுவும் குழாய் அவளுக்கு எட்டவில்லை. வரைபடத்தில் தூரத்தை அளந்தவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எழுத்துமூலம் தெரிவித்துள்ளேன். முதலில் எல்லைகளை மாற்றிப் பார்க்க வேண்டும், இப்போது படிக்கும் பிள்ளைகளும் அவர்களின் தம்பி தங்கைகளும் அதே பள்ளியில் தொடர விட வேண்டும், இணைப்பைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பரிந்துரை.

இவ்வளவு முக்கியமான கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே வந்தார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். வீடு வீடாகச் சென்று கொடுத்த படிவங்களில் பெரும்பாலானவை திரும்பி வரவில்லை. நம் மௌனத்தை நிர்வாகம் சம்மதமாக எடுத்துக்கொண்டால், பிறகு யாரிடம் முறையிடுவது?

வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. விவரங்களைப் பொருளாளரிடம் பார்வையிடலாம். சந்தா நிலுவை கூடியிருப்பதால் படிவங்களை அச்சிட்ட செலவை நானே ஏற்க நேர்ந்தது. ஒத்துழைத்த தலைமையாசிரியர்களுக்கும் செயற்குழுவினருக்கும் நன்றி.

இறுதி முடிவு வரும் ஆண்டில் எடுக்கப்படவுள்ளது. இப்பொறுப்பை ஏற்க வேறொருவர் முன்வந்தால், வரைபடங்களையும் குறிப்பேட்டையும் மனநிறைவோடு ஒப்படைப்பேன். நானே தொடர வேண்டுமென்று சபை கருதினால், எல்லைக்கோடு கடக்கும் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு பெற்றோராவது என்னுடன் அடுத்த கூட்டத்துக்கு வர வேண்டும்.