மான் திரும்பும்வரை காத்திருந்தேன்

திருகோணமலை

அன்புள்ள நண்பா,

நலம். உன் வீட்டார் நலமறிய ஆவல். கனடாவில், உங்கள் ஸ்கார்பரோவில் பனி தொடங்கிவிட்டதா? இங்கே மாரி பிந்திவிட்டது. கிணற்றில் வாளி இன்னும் தரை தட்டுகிறது.

போன கிழமை நான் முகநூலில் போட்ட மான் படத்துக்குக் கீழே, "சொர்க்கத்தில் இருக்கிறாயடா" என்று எழுதியிருந்தாய். அந்தச் சொர்க்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் நின்ற மான் அது. பின்னால் காலை வெயில். நீ பார்த்தது அவ்வளவுதான். அதன் வாயில் ஒரு பொலித்தீன் பை பாதி தொங்கிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி உள்ளே போய்விட்டது. மான் தலையைத் திருப்பும்வரை காத்திருந்து, பை தெரியாத பக்கமாகப் படம் எடுத்தேன். பையைப் பறிக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. கிட்டப் போனேன். மான் ஓடிவிட்டது.

படத்தில் பொய் எதுவும் இல்லை. மானும் மெய், வெயிலும் மெய். ஆனால் அங்கே நின்ற ஆள் நான்தானா என்று இன்னும் யோசிக்கிறேன்.

அர்ச்சனைக்கு நின்ற வரிசையிலேயே மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்தேன். வழக்கமாக முதல் ஆளாக லைக் போடும் நம் வகுப்புக்காரன் ஒருவனைக் காணவில்லை. என்ன கோபமோ என்று மூன்று நாள் மனம் குமைந்தேன். கடைசியில் பார்த்தால், பாவம், அவன் கண்புரை சத்திரசிகிச்சை செய்து கட்டோடு படுத்திருந்திருக்கிறான்.

2012 ஜனவரியில் முகநூல் நிறுவனம் செய்த ஒரு பரிசோதனை நினைவுக்கு வருகிறது. ஏறக்குறைய 6,89,000 பேருக்குத் தெரியாமலேயே, ஒரு வாரம் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குத் துயரமான பதிவுகளையும் குறைத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் எழுதியவற்றின் தொனியும் அதற்கேற்ப மாறியது. மாற்றம் மிகச் சிறியதுதான். ஆனாலும் என் மனநிலைக்கு வேறு ஒருவன் உப்புப் புளி பார்க்கிறான் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2014இல் முடிவுகளை வெளியிட்டபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது.

லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021இல் வந்ததாம். என் பெறாமகள் அதை எனக்குச் செய்து தந்தாள். இப்போது எண் தெரிவதில்லை. பெயர்களைத் திறந்து வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணுகிறேன்! அவளிடம் சொல்லிவிடாதே.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நாம் குளித்த நாள் நினைவிருக்கிறதா? ஏழு கிணறுகளிலும் மாறி மாறி வாளியால் அள்ளி ஊற்றினோமே. கூடச் சுட்டது மூன்றாவது கிணறு என்று நான் சொல்கிறேன். ஐந்தாவது என்று நீ நாற்பது வருடமாக அடம்பிடிக்கிறாய். அன்று எவன் கையிலும் கமரா இல்லை. இருந்திருந்தாலும் சூடு படத்தில் விழுந்திருக்காது.

ஆடியில் வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? வந்ததும் முதல் வேலை அந்தக் கிணற்று வழக்குத்தான்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்