தேனும் மீனும்

ட்ரொம்சோ, நோர்வே
25.01.2026

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தங்கச்சி, தம்பி எல்லோரும் சுகம்தானே? போன கிழமை உங்கள் கடிதம் கிடைத்தது. "எழுத நேரமில்லையா மகன்?" என்று ஒரு வரிதான் கேட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. நவம்பரில் டித்வா புயல் நேரம் போனில் உங்கள் குரலைக் கேட்டதோடு இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் புயல் மழையில் அங்கே மலையெல்லாம் சரிந்த அதே நவம்பர் 27ஆம் திகதிதான் இங்கே சூரியன் போனது. தைப்பொங்கலன்றும் முகம் காட்டவில்லை. 21ஆம் திகதி மதியம்தான் மலைக்கு மேலே கொஞ்ச நேரம் தெரிந்தது. குளிர் எப்படி என்று அம்மா கேட்டிருந்தார். நுவரெலியாவில் பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் விடியற்காலை இருக்கிறதே, அது நாள் முழுக்க நிற்கிறது என்று சொல்லுங்கள். ஹீட்டரை ஒரு அறையில் மட்டும் போடுகிறேன். ஒரு ஆளுக்கு அது போதும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதிருக்கும், சொந்தமாக ஒரு சின்னப் படகு. என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், பேச்சு கிடையாது. இது பெரிய கோட் மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும் காலம். ஒரு நாள் காலை கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு பை. உள்ளே முழங்கை நீளத்துக்கு மீன், தனியாகச் சுற்றி அதன் ஈரலும் சினையும். செதிலில் ஐஸ் ஒட்டியிருந்தது. நான் நாள் முழுக்க மீன் வெட்டுகிறவன். எனக்கு எதற்கு என்று திருப்பிக் கொடுக்கத்தான் போனேன்.

அவர் வாசலில் நின்ற நிலையைப் பார்த்ததும் குகன் ஞாபகம் வந்துவிட்டது. மார்கழி பஜனை முடிந்து வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்து நீங்கள் கம்பராமாயணம் சொல்வீர்களே! குகன் தேனும் மீனும் கொண்டுவந்து நிற்கிறான். அன்போடு கொண்டுவந்தது அமிழ்தைவிட உயர்ந்தது, நாமும் உண்டதுபோலத்தான் என்று இராமன் சொல்லும் இடத்தில் ஒவ்வொரு முறையும் நிறுத்துவீர்கள். நான் பையோடு திரும்பி வந்தேன். சின்னம்மா கொடுத்துவிட்ட கொறக்காப் புளி போட்டுக் குழம்பு வைத்து, ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை மறுபடியும் நீட்டினார்.

குகன் ஆயிரம் ஓடத்துக்குத் தலைவன், இவருக்கு ஒன்றுதான். ஆனால் காவல் அதே காவல். வேலை முடிந்து இரவு ஒரு மணிக்கு வருவேன். அவர் ஜன்னலில் விளக்கு எரியும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் அணையும். அந்த விளக்கைப் பார்க்கவே வேகமாக நடந்து வருகிறேன், அப்பா. இராமன் குகனைத் தம்பி என்றான். நான் இவரை மனதுக்குள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

இருந்தாலும் அந்த இஸ்தோப்பு வேண்டும் போலிருக்கிறது. அம்மா சுட்ட ரொட்டி, சம்பல், பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணி, தகரத்தில் மழை விழும் சத்தம். இங்கே பனி சத்தமே இல்லாமல் விழுகிறது.

சரி, வீட்டு விஷயம். நம் லய வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்க்க வருகிறவர்கள் பயமில்லை என்று எழுத்தில் தரும்வரை பின் காம்பரா அறையில் யாரும் படுக்க வேண்டாம். மழை பிடித்தால் இரவென்று பார்க்காமல் கோயிலுக்குப் போய்விடுங்கள். வீடு கட்டத் தரும் 7 பேர்ச்சஸ் காணிக்கு எழுதிக் கொடுக்கும்போது அம்மா பெயரையும் சேருங்கள். இந்த மாதம் காசு கொஞ்சம் குறைவு, மீன் சீசன் கூடியதும் சேர்த்து அனுப்புகிறேன். யாரிடமும் கைமாற்று வாங்க வேண்டாம்.

தம்பியைக் கொழும்புக் கடைக்கு அனுப்பும் பேச்சை விட்டுவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சையை எழுதட்டும், டியூஷன் காசு என் பொறுப்பு. பதிலை அவனையே எழுதச் சொல்லுங்கள். அவன் கையெழுத்தை நான் பார்க்க வேண்டும்.

அன்பு மகன்