கையெழுத்தா, கையொப்பமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய கடிதங்களின் ஏலம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் தம் அமைச்சர்களுக்கு அனுப்பிய கடிதங்களுக்கு ஒரு தமிழ் இதழ் மூன்று பக்கம் ஒதுக்கியதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் கட்டுரை நெடுக 'நெப்போலியனின் கையெழுத்துக் கடிதங்கள்' என்று வருகிறது. ஒரு படத்தின் கீழே 'பேரரசர் தம் கைப்பட எழுதியது' என்றும் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை. நம் பேச்சில் ஒப்பமும் கையெழுத்துதான், எழுதும் எழுத்தும் கையெழுத்துதான். குழப்பம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். அவர் அமைச்சர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒப்பம் மட்டும்தான் அவருடையது. மேலே உள்ள வரிகளெல்லாம் செயலாளர்களும் எழுத்தர்களும் எழுதியவை.

இதற்காக ஒரு கடிதமா என்று கேட்கலாம். நான் 31 வருஷம் அரசு அலுவலகத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவன். அதிகாரி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, வரைவு போட்டு, திருத்தம் வாங்கி, தூய நகல் எடுத்து, ஒப்பத்துக்கு வைத்தே காலம் போனது. அதனால் இப்படி ஒரு கடிதத்தைப் பார்த்தால் என் கண் முதலில் ஒப்பத்துக்குப் போகாது, அதை எழுதிய கைக்குத்தான் போகும்.

நெப்போலியனிடம் அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் இருவர். 1802-இல் சேர்ந்த மெனவால், 1806-இல் சேர்ந்த ஃபேன். பேரரசர் அறைக்குள் நடந்துகொண்டே சொல்லுவார். விஷயம் சூடு பிடிக்கப் பிடிக்க வேகமும் கூடும். சொன்னதைத் திரும்பச் சொல்லும் வழக்கம் கிடையாது. நடுராத்திரியில் எழுந்து ஆளனுப்புவதும் உண்டு. இவர்கள் முக்கியமான சொற்களைப் பிடித்துக்கொண்டு, நடுவில் இடம் விட்டு, அப்புறம் உட்கார்ந்து நிரப்புவார்கள். அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும். விட்டுப்போன சொல் எது என்று அதிகாரியிடம் போய்க் கேட்கவும் முடியாது, தப்பாகப் போட்டுவிடவும் கூடாது.

அவரே பேனா பிடித்து எழுதியிருந்தால் பாதி பேருக்குப் படிக்கவே வந்திருக்காது, எழுத்து அவ்வளவு கிறுக்கல். ஒப்பமும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போனது. இளம் படை அதிகாரியாக இருந்தபோது 'புவோனபார்த்தே', 1796-க்குப் பிறகு 'போனபார்த்', 1804-இல் பேரரசரானதும் 'நெப்போலியன்'. பிறகு வெறும் 'நெப்', கடைசியில் ஒற்றை எழுத்து. குவியும் தாள்களுக்கு நடுவே எந்த அதிகாரியின் ஒப்பமும் இப்படித்தான் சுருக்கொப்பமாகி விடுகிறது.

சரி, ஒப்பம் மட்டும்தான் அவருடையது என்றால் கடிதம் மதிப்புக் குறைந்ததா? இல்லவே இல்லை. சொற்கள் அவருடையவை. 1807 நவம்பர் 14 அன்று ஃபோந்தேன்புளோ அரண்மனையிலிருந்து உள்துறை அமைச்சர் கிரெத்தேவுக்குப் போன கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெத்தே பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு நாளில் பேரரசர் இத்தாலிக்குக் கிளம்ப வேண்டும். அந்த அவசரத்தில் கால்வாய்களைப் பற்றிப் பேசுகிறார். கையிலிருக்கும் கால்வாய்களை விற்று, அந்தப் பணத்தில் புதியவற்றை வெட்டினால் என்ன என்று யோசிக்கிறார். பிச்சையெடுப்பதை அடியோடு ஒழிக்க வேண்டும், பணம் இருக்கிறது, ஆனாலும் எல்லாம் மெதுவாக நகர்கிறது, வருஷங்கள் ஓடுகின்றன என்று ஆற்றாமையோடு சொல்கிறார். குளிர்கால மாலைகள் நீளமானவை, உங்கள் கோப்புப் பைகளை நிரப்பிக்கொண்டு வாருங்கள், இந்த மூன்று மாத மாலைகளில் உட்கார்ந்து பேசுவோம் என்கிறார். நம்மை நினைவுகூரத் தடயம் எதுவும் விட்டுவைக்காமல் இந்த மண்ணைக் கடந்து போய்விடக் கூடாது என்ற வரியும் இதில்தான் வருகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எட்டு மாதத்தில், 1808 ஜூலை 5 அன்று, பேரரசு முழுவதும் பிச்சையெடுப்பதைத் தடை செய்து ஆணை வந்தது. பிச்சைக்காரர்களைப் பிடித்து இல்லங்களில் அடைத்தார்கள். அது ஏழைகளுக்குச் செய்த கொடுமை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஓர் ஆணைக்கு முன்னால் ஆள்பவர் மனத்தில் என்ன ஓடியது என்று நமக்குக் காட்டுவது அந்த நவம்பர்க் கடிதம்தான்.

கட்டுரையில் பாதி இடத்தை விலையே எடுத்துக்கொண்டு விட்டது. விலைக்கும் உள்ளே எழுதியிருப்பதுதானே காரணம்! சாதாரண நிர்வாகக் கடிதம் சில ஆயிரம் யூரோவுக்குப் போகும். 1812 அக்டோபர் 20 தேதியிட்ட கடிதமோ 2012 டிசம்பரில் 1,87,500 யூரோவுக்குப் போனது. ஏலக்காரர்கள் எதிர்பார்த்தது அதிகபட்சம் 15,000 யூரோ. மாஸ்கோவை விட்டுக் கிளம்பியதும் வெளியுறவு அமைச்சர் மாரேவுக்கு அனுப்பிய கடிதம் அது. 22-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குக் கிரெம்ளினை வெடிவைத்துத் தகர்ப்பேன் என்று சங்கேத எண்களில் எழுதியிருந்தது. குதிரைகள் செத்துக்கொண்டிருக்கின்றன, உடனே வாங்குங்கள் என்ற கெஞ்சலும் அதிலேயே இருக்கிறது. அடியில் வெறும் 'நெப்'. அந்த மூன்று பிரெஞ்சு எழுத்துக்கா அவ்வளவு பணம்?

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. இந்தக் கடிதங்களை முதலில் தொகுக்கச் சொன்னவர் பேரரசரின் தம்பி மகனும் பின்னால் பிரான்சை ஆண்டவருமான மூன்றாம் நெப்போலியன், 1854-இல். 32 தொகுதிகளில் சுமார் 22,000 கடிதங்கள் வந்தன. ஆனால் குடும்பப் பெயருக்குச் சங்கடம் தருபவற்றை ஒதுக்கிவிட்டார்கள். பேரரசர் உயிரோடு இருந்தால் எதை வெளியிட விரும்புவாரோ அதைத்தான் வெளியிடுகிறோம் என்று அந்தக் குழுவே எழுதி வைத்தது. அதைச் சரிசெய்ய 2004 முதல் 2018 வரை நெப்போலியன் அறக்கட்டளை 15 தொகுதிகளில் 40,000-க்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொண்டுவந்தது. அமைச்சர்கள் பதவி போனதும் வீட்டுக்கு எடுத்துப்போன தாள்கள் பேரப்பிள்ளைகள் கை மாறி ஏலத்துக்கு வருகின்றன. பிரெஞ்சு அரசு விரும்பினால் ஏலம் முடிந்த விலைக்கே முன்னுரிமையில் வாங்கிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியுமா? ஒரு கடிதம் தனியார் பெட்டிக்குள் போவதற்கு முன் அதன் வாசகத்தையாவது யாராவது படியெடுத்துவிட வேண்டும் என்று என் மனம் தவிக்கிறது.

அடுத்து இதைப் பற்றி எழுதும்போது ஒப்பத்தின் படத்தைச் சிறிதாகப் போட்டுவிட்டு, ஒரு கடிதத்தையாவது முழுசாகத் தமிழில் தாருங்கள். கிரெத்தேவுக்குப் போன அந்த நவம்பர்க் கடிதம் என்றால் இன்னும் நல்லது. பக்கத்தில் மெனவால், ஃபேன் பெயர்களும் வரட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர், திருச்சி