பழைய லென்ஸ்களுக்கு மதிப்பெண் போடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மெல்லிய கோடுகள் அச்சிட்ட சோதனைத் தாளை, அதாவது சார்ட்டை, சுவரில் ஒட்டி, எதிரே ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, ஐம்பது அறுபது வயதான லென்ஸ்களை ஒவ்வொரு அபெர்ச்சராக (ஒளி நுழையும் துவாரத்தின் அளவு) சோதித்துப் பார்க்கிறீர்கள். அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். விற்கிறவர் சொல்வதை அப்படியே நம்பி வாங்கிய காலம் போய், நாலு விஷயம் தெரிந்துகொண்டு வாங்கும் காலம் வந்திருக்கிறது என்றால் அதில் உங்கள் பங்கு பெரியது. எனவே சோதனையே வேண்டாம் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. சோதனை முடிந்ததும் 'நடுவில் 8, ஓரத்தில் 3, மொத்தத்தில் 5' என்று மதிப்பெண் போட்டு, அதை வைத்து லென்ஸ்களை முதலாவது, இரண்டாவது, கடைசி என்று வரிசைப்படுத்துகிறீர்களே, அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அந்த மதிப்பெண்ணை யார் நம்பி வாங்குகிறார்கள் என்று பாருங்கள். புது லென்ஸ் வாங்க வசதியில்லாத பிள்ளைகள்தான் பெரும்பாலும் பழைய லென்ஸ் பக்கம் வருகிறார்கள். கையில் ஒரு மிரர்லெஸ் கேமரா, பழைய லென்ஸை அதில் பூட்ட ஒரு அடாப்டர், சேர்த்து வைத்த சில ஆயிரம் ரூபாய். "அண்ணா, இதுக்கு அஞ்சு மார்க்தான் போட்டிருக்காங்க, வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். என்ன எடுக்கப் போகிறாய் என்று திருப்பிக் கேட்டால் திருவிழா, வீட்டில் பாட்டி, மழை பெய்யும் தெரு என்கிறார்கள். அந்த அஞ்சு மார்க்குக்கும் பாட்டியின் முகத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை.

உங்களில் அநேகமாக எல்லோரும் சோதித்திருக்கும் ஹீலியோஸ் 44-2 லென்ஸையே எடுத்துக்கொள்வோம். 58 மி.மீ., எஃப் 2 (எஃப் எண் எவ்வளவு சிறியதோ லென்ஸின் துவாரம் அவ்வளவு பெரிது), கேமராவில் திருகிப் பூட்டும் எம்42 மவுண்ட். 1930களில் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் செய்த பயோட்டார் லென்ஸின் வடிவமைப்பைப் பின்பற்றி, சோவியத் ஒன்றியத்தில் ஸெனிட் கேமராக்களுக்காகப் பெரும் எண்ணிக்கையில் செய்தார்கள். சார்ட்டின் முன் எஃப் 2 வைத்தால் நடுப்பகுதி நன்றாகவே வரும், ஓரக் கோடுகள் குழைந்துவிடும். ஓரத்துக்கு நீங்கள் மூன்று மார்க் போடுவீர்கள். அந்த அளவில் அது பொய்யில்லை.

இப்போது அதே லென்ஸின் முன் ஒருவரை ஒன்றரை மீட்டரில் உட்கார வையுங்கள். அவருக்குப் பின்னால் ஏழெட்டு மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரம், இலைகளுக்கு நடுவே வெயில். படத்தின் நடுவில் அந்த வெளிச்சப் புள்ளிகள் வட்டமாக விழும். ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வொன்றும் கண் வடிவத்துக்கு ஒடுங்கி, முகத்தைச் சுற்றிச் சுழல்வது மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். சாய்ந்து வரும் ஒளியை லென்ஸின் குழலே ஒரு பக்கம் வெட்டிவிடுவதுதான் முக்கியக் காரணம். எஃப் 4க்கு வந்தால் அந்தச் சுழல் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்த லென்ஸை உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள் என்றால் இதற்காகத்தான். சார்ட்டுக்குப் பின்னால் வெறும் சுவர், எனவே உங்கள் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. சுழல் பிடிக்காதவர்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த அட்டவணையால் பயனில்லை, சுழலும் என்று அது எச்சரிக்கவும் இல்லையே.

இன்னொரு விஷயம், சார்ட் தட்டையானது. பழைய லென்ஸ்கள் பலவற்றின் ஃபோகஸ் தளம், அதாவது தெளிவாக விழும் இடங்கள் சேர்ந்த பரப்பு, தட்டையில்லை, வளைந்தது. நடுவில் ஃபோகஸ் வைத்தால் ஓரத்தில் ஃபோகஸ் சார்ட்டுக்கு முன்னாலோ பின்னாலோ போய் நிற்கும். அதை 'ஓரம் மோசம்' என்று எழுதுகிறீர்கள். ஃபோகஸை ஓரத்துக்கு மாற்றி இன்னொரு படம் எடுத்திருந்தால், அது வெறும் வளைவா, நிஜமாகவே தெளிவில்லாததா என்று தெரிந்துபோயிருக்கும். தூரமும் அப்படித்தான். 90 செ.மீ. அகலமுள்ள சார்ட்டை 58 மி.மீ. லென்ஸில், 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சாரின் சட்டம் முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் கேமரா சுமார் ஒன்றரை மீட்டரில் நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில் கிடைத்த முடிவை வைத்துக்கொண்டு 'மலைக்காட்சிக்கு ஆகாது' என்று எழுதுவது எப்படிச் சரியாகும்? கிட்டத்தில் ஒரு மாதிரி, தூரத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் லென்ஸ்கள் ஏராளம். நிக்கான் 1967இல் 24 மி.மீ. லென்ஸுக்குள் கிட்டத் தூரத்துக்கென்றே தனித்திருத்தம் வைத்தது இந்தப் பிரச்சினை தெரிந்துதான்.

ஒரு லென்ஸ் எதற்காகப் பிறந்தது என்பதை மதிப்பெண் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் கணக்குப் போட்டுச் செய்த லென்ஸ், அதுவரை இருந்தவற்றைவிடப் பல மடங்கு ஒளியை உள்ளே விட்டது. ஆட்கள் வெகுநேரம் அசையாமல் உட்கார வேண்டிய கஷ்டம் அதனால்தான் குறைந்தது. நடுவில் நல்ல கூர்மை, ஓரத்தில் கலக்கம். முகம் நடுவில்தானே இருக்கப் போகிறது? சார்ட்டின் முன் வைத்தால் அது தோற்றுத்தான் போகும். நேர் எதிர் உதாரணமும் உண்டு. நிக்கானின் முதல் மைக்ரோ நிக்கோர் 1956இல் வந்தபோது, நுணுக்கமான ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் (ஆவணங்களைச் சிறிதாக்கிச் சேமிக்கும் ஃபிலிம்) பதிவதுதான் அதன் முன் இருந்த வேலை. தட்டையான தாள், கிட்டத் தூரம், மெல்லிய கோடுகள். அந்த லென்ஸுக்கு உங்கள் சார்ட்டைவிட நேர்மையான சோதனை கிடையாது. 1977இல் அதே நிறுவனம் நாக்ட் நிக்கோர் 58 மி.மீ. எஃப் 1.2 லென்ஸைக் கொண்டுவந்தது. இரவில் படத்தின் ஓரத்தில் விழும் விளக்குகள் சிறகு விரித்துச் சிதறாமல் புள்ளியாகவே நிற்க வேண்டும் என்பதற்காக அதன் முன் கண்ணாடியைக் கையால் மெருகிட்டார்கள். அறைக்குள் சீரான வெளிச்சத்தில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் அந்த உழைப்பு எங்கே தெரியும்? இந்த மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு யார் முதல் என்று கேட்டால் பதில் வராது.

நீங்கள் சோதிப்பது லென்ஸையா, அதன் உடல்நிலையையா என்பதும் குழப்பமாகவே இருக்கிறது. ஹீலியோஸ் 44-2 ஒரே தொழிற்சாலையில் செய்ததில்லை. கிராஸ்னகோர்ஸ்க், வல்தாய், மின்ஸ்க் என்று பல இடங்களில் செய்தது. அதற்குப் பிறகு எத்தனை பேர் அதைத் திறந்து, துடைத்து, மறுபடி பூட்டியிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் சில வருஷம் பீரோவுக்குள் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால்தான் அந்த மெல்லிய நூல்கள் தெரியும். சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி இருக்கிறது, வருஷங்கள் போகப் போக அது பழுப்பேறும். 'நிறம் மஞ்சளடிக்கிறது, ஒளி குறைகிறது' என்று நீங்கள் எழுதினால் அது அந்த லென்ஸின் குணமில்லை, வயது. புற ஊதா விளக்கில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மலிவான அடாப்டரின் இரண்டு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும், அந்தப் பழியும் லென்ஸ் மேல்தான் விழுகிறது.

சென்சாரையும் மறந்துவிடக் கூடாது. ஜூப்பிட்டர் 12 என்ற 35 மி.மீ. லென்ஸின் பின் கண்ணாடி ஃபிலிமுக்கு வெகு அருகில் போய் நிற்கும். ஒளி மிகச் சாய்வாக வெளியே வரும். ஃபிலிமுக்கு அது பெரிய சிரமமில்லை. டிஜிட்டல் சென்சாரின் முன்னால் ஒரு கண்ணாடி அடுக்கு இருப்பதால் அந்தச் சாய்ந்த ஒளி ஓரத்தில் இழுபட்டு, நிறமும் திரிகிறது. ஃபிலிம் கேமராவில் ஒழுங்காக வேலை செய்யும் லென்ஸை, அது பார்த்தேயிராத ஒரு கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு ஃபெயில் போடுவது நியாயமில்லை. 'இந்தக் கேமராவில் இது ஒத்துவராது' என்று எழுதுங்கள், அது உண்மை, வாங்குகிறவர்களுக்கும் உதவும்.

படம் எடுத்துப் பார்த்தால் லென்ஸுக்குச் சலுகை கிடைத்துவிடும் என்று நினைக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசைப் பக்கம் தெருக்கூத்துக்கு ஹீலியோஸைக் கொண்டு போயிருக்கிறேன். இரவு முழுக்க நடக்கும் ஆட்டம். தலைக்கு மேல் பளீரென்ற விளக்குகள், அதற்கு அப்பால் இருட்டு. கட்டியக்காரன் பாடி முடித்து வேஷம் உள்ளே வரும்போது, கிரீடத்திலும் புஜத்திலும் பதித்த கண்ணாடித் துண்டுகள் ஒவ்வொன்றும் விளக்கை வாங்கி வீசும். எஃப் 2இல் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் ஒரு மெல்லிய புகை வளையம் விழுந்தது. முகத்தில் பூசிய அரிதாரத்தின் விரிசல்கூடத் தெரிந்தது. உங்கள் அட்டவணையில் மூன்று மார்க் வாங்கிய ஓரங்கள் இருட்டில் கிடந்தன, அவற்றைப் பற்றிக் கவலைப்பட அங்கே எதுவுமில்லை. ஆனால் ஆட்டக்காரர் ஒரு சுற்றுச் சுற்றி விளக்குக்கு நேர் கீழே வந்ததும் படம் முழுக்க வெளுத்துப்போய், கறுப்பு சாம்பலானது. ஓரத்து பல்புகள் சிறகு முளைத்து நின்றன. எஃப் 2.8க்கு வந்து, லென்ஸின் முன் ஹுட் என்ற மறைப்பு போட்டு, நிற்கும் இடத்தை மாற்றிய பிறகுதான் படம் தேறியது. இந்த லென்ஸின் பெரிய பலவீனம் எதிர்வெளிச்சம். சார்ட் அதைச் சொல்லவே இல்லை. எது தேவையில்லையோ அதற்கு மார்க்கைக் குறைத்து, எது கழுத்தறுக்குமோ அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கூத்து மேடை சார்ட்டைவிடக் கடுமையான நீதிபதி.

படம்தான் பேச வேண்டும் என்று சொல்லும் என் கட்சி நண்பர்களுக்கும் இதே மடலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் குழுவில் அவர்களும் இருக்கிறார்கள். மாலை வெயிலில் அழகான முகத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றி, கான்ட்ராஸ்ட் ஏற்றி, 'பார் இந்த லென்ஸின் மாயத்தை' என்று போட்டால் அது லென்ஸைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் எந்த லென்ஸும் நன்றாகத்தான் எடுக்கும். பூஞ்சை பிடித்து மங்கிய லென்ஸை 'கேரக்டர்' என்று சொல்லி விற்பது ஏமாற்று வேலை. 'சாஃப்ட்' என்று சொல்லும் படங்களில் பாதிக்கு ஃபோகஸ் தவறியதுதான் காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம். 58 மி.மீ. லென்ஸை எஃப் 2 வைத்து ஒரு மீட்டரில் பிடித்தால், தெளிவாக இருக்கும் ஆழம் மூன்றரை செ.மீ. அளவுதான். மூக்கு நுனியில் ஃபோகஸ் நின்றால் கண் போய்விடும். படமும் ஒழுங்காக எடுத்தால்தான் சாட்சி.

அப்புறம், படத்தின் ஒரு பிக்ஸலைத் திரையின் ஒரு பிக்ஸலாக வைத்துக் குறை தேடும் அந்த நூறு சதவீதப் பெரிதாக்கல். 61 மெகாபிக்ஸல் படம் 9,500 பிக்ஸலுக்குச் சற்று அதிகமான அகலம் கொண்டது. சாதாரண மானிட்டரில் அதை நூறு சதவீதத்தில் பார்ப்பது, எட்டடி அகலப் பிரிண்டின் மூலையை ஒன்றரை அடியில் முகத்தை வைத்துப் பார்ப்பதற்குச் சமம். இந்த லென்ஸ்களைச் செய்தவர்கள் மனதில் வைத்திருந்தது கையில் பிடித்துப் பார்க்கும் பிரிண்ட். எட்டடிப் பிரிண்டே போட வேண்டிய வேலை உள்ளவர்கள் பழைய லென்ஸ் வாங்க வேண்டாம் என்று தாராளமாகச் சொல்லுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை.

நான் கேட்பது பெரிய வேலையில்லை. சோதனைக்கு முன் கையில் இருக்கும் அந்த ஒரு லென்ஸின் நிலையை எழுதுங்கள்: சீரியல் எண், பூஞ்சை உண்டா, திறந்த அடையாளம் உண்டா, எந்த அடாப்டர், எந்தக் கேமரா. நான்கு மூலைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடாப்டரை மாற்றியும் ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் அந்த லென்ஸை ஒதுக்கிவிட்டு அதே வகையில் வேறொன்றைத் தேடுங்கள். இதைக் கண்டுபிடிக்க சார்ட்டைவிட நல்ல கருவி இல்லை, சார்ட்டின் உண்மையான பெருமை அதுதான். பிறகு சார்ட்டோடு சில படங்களையும் சேர்த்துப் போடுங்கள். இலைகளின் முன் ஒரு முகம், தூரத்துக் கோபுரம் ஒன்று, சூரியன் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒன்று, இரவுத் தெருவிளக்குகள். ஒவ்வொன்றும் முழுதாகத் திறந்தும், இரண்டு ஸ்டாப் குறைத்தும் (எஃப் 2 என்றால் எஃப் 4), எந்தத் திருத்தமும் இல்லாமல். மொத்த மதிப்பெண்ணை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் 'இது எந்த வேலைக்கு ஆகும், எதற்கு ஆகாது' என்று இரண்டு வரி எழுதுங்கள்.

அடுத்த சோதனைக்கு ஹீலியோஸ் தேவைப்பட்டால் என்னிடம் இருப்பவற்றைத் தருகிறேன். வேறு வேறு தொழிற்சாலைகளில் செய்தவை, ஒன்றில் பூஞ்சையும் உண்டு. அதையும் விட்டுவிடாமல் சோதித்து, மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சோதனைகளை விடாமல் படிக்கும் ஒரு லென்ஸ் பிரியன்