சங்கத்துப் பழைய பேரையே திருப்பி மாட்டுங்க

நம்ம ஊர் சன்மார்க்க சங்க நிர்வாகிகளுக்கு வந்தனம்.

பூசத்துக்கு முன்னாடி மாட்டுன புது போர்டைப் பத்தித்தான் எழுதுறேன். சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்னு இருந்தத எடுத்துட்டு வள்ளலார் சைவ பக்தி சபைன்னு வச்சிட்டீங்க, கேட்டா பழைய பேரு நீளம், ஜனங்களுக்குப் புரியலங்கிறீங்க.

அது நீங்களோ நானோ வச்ச பேரு இல்லைங்க. 1865ல வள்ளலார் ஐயா சமரச வேத சன்மார்க்க சங்கம்னுதான் ஆரம்பிச்சாரு, 1872ல அவரே வேதங்கிறத எடுத்துட்டு சுத்தம், சத்தியம்னு சேத்தாரு. அடுத்த வருஷமே வடலூர் பக்கத்துல மேட்டுக்குப்பத்துல சன்மார்க்கக் கொடி கட்டி, சைவம் வைணவம் எதுலயும் லட்சியம் வைக்காதீங்கன்னு அங்க பேசுன பேருபதேசங்கிற உரையில சொல்லிட்டாரு. தயவாலயே மனுஷன் சுத்த தேகம், பிரணவ தேகம், ஞான தேகம்னு மூணு நிலையா உடம்பு மாறி சாவையே ஜெயிக்கலாம்னு சொன்ன வழிக்குப் போய் ஒரு சமயத்து பேரை எப்படிங்க வைக்க மனசு வந்துச்சு? தன்னை ராமலிங்கசாமின்னு கூப்புடுறதே ஆரவாரம், அதுல சம்மதமில்லன்னவரு அவரு.

காலைல கஞ்சி ஊத்துற எடத்துல நிக்கிறவன் நான். தினமும் தூக்குவாளியோட வர்ற பாய் வீட்டம்மா, போர்டு மாட்டுன மறுநாள் வாசல் கேட் பக்கத்துலயே நின்னு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு "இனிமே நாங்க வாங்கலாமா தம்பி"ன்னாங்க. உள்ள கூட்டிட்டுப் போய் ஊத்திக் கொடுத்தேன், ஆனா அதுக்கப்புறம் அவங்க வரவே இல்ல, பேத்திதான் வருது, அந்தப் புள்ளயும் கேட்டுக்கு வெளியவே நின்னு வாளிய நீட்டுது. 1867ல வடலூர் தருமசாலைல மூட்டுன அடுப்பு இன்னும் அணையல, அங்க யாரு என்ன சமயம்னு கேட்டா போடுறாங்க? பசியோட வர்றவங்கள ஒரு போர்டு வெளிய நிறுத்துதுன்னா அப்புறம் ஜீவகாருண்யம்னு நாம பேசுறதுல என்ன இருக்கு?

ஃபிளெக்ஸ்ல ஐயா படத்தைவிட டொனேஷன் குடுத்தவரு படம் பெருசா இருக்கறது, ஐயா பாடுன அகவல் படிக்க நாலு பேர் கூட இல்லாதப்ப மைக்செட்டுக்கு அவ்ளோ செலவு பண்றதுன்னு சொல்ல நெறைய இருக்கு. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

இப்ப கேக்குறது ஒண்ணுதான், ஐயா வச்ச பேரையே திருப்பி மாட்டுங்க. பழைய போர்டு ஸ்டோர் ரூம்ல நல்லாத்தான் இருக்கு. ரசீது புக்குலயும் மாத்தணும். வர்ற கூட்டத்துலயே எடுத்துப் பேசி முடிவு பண்ணுங்கன்னு பணிவா கேட்டுக்கிறேன்.