‘நேரடியாகப் பொருந்தும்’ என்று விற்கப்பட்டுப் பொருந்தாமல் போன ரெட் டாட் குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
ஹூஸ்டன், டெக்சாஸ்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
இணையவழித் துப்பாக்கி விற்பனைப் பிரிவு.

பொருள்: க்ளாக் 43எக்ஸ் எம்ஓஎஸ் கைத்துப்பாக்கியையும் (எம்ஓஎஸ்: மேலே ரெட் டாட் பொருத்த வெட்டு உள்ள வகை) ஹோலோசன் 507கே ரெட் டாட்டையும் (கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) ஒன்றோடொன்று பொருந்துபவை எனக் கூறிச் சேர்த்து விற்றது; ரெட் டாட்டைத் திரும்பப் பெற மறுப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் இணையக் கடையில் மேற்கண்ட இரு பொருட்களையும் ஒரே ரசீதில் வாங்கினேன். துப்பாக்கியிலும் குறையில்லை, ரெட் டாட்டிலும் குறையில்லை. இவ்விரண்டும் எவ்வித மாற்றமும் இன்றிப் பொருந்தும் என்று தங்கள் நிறுவனம் எழுத்தில் கொடுத்த உறுதி தவறானது என்பதும், அதன் செலவை இப்போது என் தலையில் கட்டப் பார்ப்பதுமே என் புகார்.

வாங்குவதற்கு முன்பே என் தேவையைத் தங்கள் ஆலோசனைப் பிரிவுக்கு மின்னஞ்சலில் விரிவாக எழுதியிருந்தேன். ஹூஸ்டன் கோடையில் மெல்லிய சட்டைக்குள் மறைத்து இடுப்பில் வைக்கக்கூடியதாகவும், வார இறுதியில் சுடுதளத்தில் நெடுநேரம் பயிற்சி செய்தாலும் கை சலிக்காததாகவும் ஒரே துப்பாக்கி வேண்டும். அதில் ரெட் டாட் பொருத்த வேண்டும். அது பழுதானாலும் துப்பாக்கியோடு வரும் இரும்புக் குறிகள் (மேலே முன்னும் பின்னும் நிற்கும் சாதாரணக் குறிமுனைகள்) இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். க்ளாக் 19 எம்ஓஎஸ் சுடுதளத்துக்கு மிகப் பொருத்தமானது. 15 தோட்டா மேகசினும் சுமார் 4 அங்குலக் குழலும் கொண்ட அது என் மெலிந்த உடல்வாகுக்குச் சற்றுத் தடிமன். சிக் சாவரின் பி365எக்ஸ்எல் 12 தோட்டாக்களோடு அளவில் கச்சிதமாக இருந்தது. ஆனால் அதன் பின்குறி, ரெட் டாட் அமரும் இடத்தை மூடும் தட்டோடு சேர்ந்தே இருப்பதால், அந்தத் தட்டைக் கழற்றினால் குறியும் கூடவே போய்விடும். இவற்றை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, 10 தோட்டாக்கள் மட்டுமே கொள்ளும் என்றாலும் மெலிதான உடலும் விரல்கள் முழுவதும் அமரும் பிடியும் கொண்ட 43எக்ஸை எடுத்துக்கொண்டேன். இதில் ரெட் டாட்டுக்கான வெட்டுக்குப் பின்னால் பின்குறி தனியே நிற்கிறது.

ரெட் டாட்டைப் பொறுத்தவரை, 507கே என்பது தங்கள் ஆலோசகரின் பரிந்துரை. மின்கலத்தைப் பக்கவாட்டுத் தட்டிலிருந்து மாற்றலாம், ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டி மீண்டும் குறி சரிசெய்ய வேண்டியதில்லை என்று அவர் சொன்ன காரணம் நியாயமானது. அதை இன்றும் மறுக்கவில்லை. நான் குறிப்பாகக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தத் துப்பாக்கியின் ஸ்லைடில் (சுடும்போது பின்னே நகரும் மேல்பாகத்தில்) இது இடையில் தட்டு ஏதும் இல்லாமல் அமருமா? ‘நேரடியாகப் பொருந்தும், எந்த மாற்றமும் தேவையில்லை’ என்பது தங்கள் பதில். அந்த மின்னஞ்சலை இத்துடன் இணைத்துள்ளேன். தங்கள் தளத்தில் 43எக்ஸ் எம்ஓஎஸ் பக்கத்திலேயே ‘இதனுடன் சேர்த்து வாங்குக’ என்ற தலைப்பின் கீழ் 507கே காட்டப்பட்டிருப்பதன் படமும் உள்ளது.

உண்மை நிலை இதுதான். 43எக்ஸ் எம்ஓஎஸ் ஸ்லைடின் வெட்டு, ஷீல்டு நிறுவனத்தின் ஆர்எம்எஸ்சி ரெட் டாட்டின் ஃபுட்பிரின்ட்டுக்காக, அதாவது அதன் அடிப்பாகத்தின் துளை, குழி அமைப்புக்காக அமைந்தது. அதில் முன்புறம் மட்டுமன்றிப் பின்புறமும் சிறு முளைகள் நிற்கின்றன. 507கே அதே ஃபுட்பிரின்ட்டின் மாற்று வடிவம். திருகுத் துளைகளும் முன் குழிகளும் ஒத்துப்போகின்றன, பின் முளைகள் உள்ளே போக வேண்டிய குழிகள் மட்டும் அதன் அடியில் இல்லை. ஆகவே வைத்துப் பார்த்தால் பின்பக்கம் முளைகளின் மேல் ஏறி நிற்கிறது. அந்த நிலையில் திருகை முறுக்கினால் ஒன்று ரெட் டாட்டின் அடிப்பகுதி நெளியும், அல்லது சுடச் சுடத் திருகு தளரும். திருகின் வேலை அழுத்திப் பிடிப்பது மட்டுமே. ஒவ்வொரு வெடிப்பிலும் ஸ்லைடு பின்னோக்கி அடிக்கும்போது வரும் உதைப்பைத் தாங்குவது அந்த முளைகள்தாம். இந்த வேறுபாடு ரகசியமன்று. துப்பாக்கிக் கடையில் பணிபுரியும் எவரும் அறிந்திருக்க வேண்டிய அடிப்படைச் செய்தி. அறியாதவர் ‘பொருந்தும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கக் கூடாது.

இதைத் தெரிவித்தபோது தங்கள் சேவைப் பிரிவு எனக்கு இரண்டு வழிகளைக் கூறியது. முதலாவது, பின் முளைகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுவது. பலர் அப்படிச் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு முறை தேய்த்தால் மீண்டும் முளைக்காது. நாளை ஆர்எம்எஸ்சி வகை ரெட் டாட்டை வாங்கினால் அதற்கு இருந்திருக்க வேண்டிய தாங்குதல் போய்விட்டிருக்கும். தேய்த்த இடத்தில் மேல்பூச்சும் போகும். உடலோடு ஒட்டி, வியர்வையில் நனையும் துப்பாக்கியில் பூச்சுப் போன எஃகு எப்படி ஆகும் என்பதை இந்த ஊர் ஈரக்காற்றில் வாழ்பவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித் தேய்த்தால் உத்தரவாதம் நிற்குமா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் வரவில்லை. இரண்டாவது வழி, தங்களிடமே அடாப்டர் தட்டு ஒன்றைத் தனி விலைக்கு வாங்குவது. தட்டு வைத்தால் ரெட் டாட் இன்னும் உயரும். துப்பாக்கியோடு வந்த குட்டையான இரும்புக் குறிகள் கண்ணாடி வழியே தெரியாமல் போகும். பிறகு உயரக் குறிகளும் வாங்க வேண்டும். மாற்றமின்றிப் பொருந்தும் என்று விற்ற ஒன்றைப் பொருத்துவதற்கு மேலும் இரண்டு பொருட்களை விற்க முன்வருவது நல்ல வணிகமாக இருக்கலாம், நல்ல பரிகாரம் அன்று.

தங்கள் மறுப்புக் கடிதத்தில் ‘உரிமம் பெற்ற உள்ளூர் விற்பனையாளரிடம் படிவம் 4473-இல் [துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் கூட்டாட்சிப் படிவம்] கையெழுத்திடும் முன் பொருளைப் பரிசோதிப்பது வாங்குபவரின் பொறுப்பு, கைமாற்றம் முடிந்த பின் துப்பாக்கி பயன்படுத்தப்பட்டதாகவே கருதப்படும்’ என்ற விதி சுட்டப்பட்டுள்ளது. அந்த விதியை நான் படித்தேன், ஏற்கிறேன். வேறு மாநிலத்திலிருந்து வாங்கும் கைத்துப்பாக்கி என் மாநிலத்து உரிமதாரர் வழியாகத்தான் என் கைக்கு வர முடியும் என்பது கூட்டாட்சிச் சட்டம். அதில் தங்களுக்கும் எனக்கும் வேறு வழியில்லை. ஆனால் துப்பாக்கி உரிமதாரர் கடைக்கு வந்தது. ரெட் டாட்டைத் தாங்கள் தனியாக அஞ்சலில் என் வீட்டுக்கு அனுப்பினீர்கள். அது நான் துப்பாக்கியைப் பெற்ற பின்னரே வந்து சேர்ந்தது. கையில் இல்லாத பொருள் பொருந்துகிறதா என்று கடை மேசையில் நின்று எப்படிப் பரிசோதிப்பது? கைமாற்றத்துக்குப் பிறகு திரும்பப் பெறவே முடியாத பொருளை விற்கும் நிறுவனம், அதற்கு முன் கொடுக்கும் ஆலோசனையில் மற்ற கடைகளைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மேலும், நான் துப்பாக்கியைத் திருப்பித் தர விரும்பவே இல்லை. இரும்புக் குறிகளைக் கொண்டு சுடுதளத்தில் சுட்டுப் பார்த்தேன். என் கைக்கு ஏற்ற தேர்வு அது. திருப்பித் தர விரும்புவது ரெட் டாட்டை மட்டும். அதற்குப் படிவமும் இல்லை, உரிமதாரரும் இல்லை. அதன் மேல் ஒரு திருகுகூட ஏறவில்லை. அப்படியிருக்க, பெட்டி திறக்கப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக முதலில் மறுத்துவிட்டு, பிறகு விலையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டே எடுக்க முடியும் என்று எழுதியிருப்பதற்கு எந்த நியாயமும் தென்படவில்லை. திறக்காமல் பொருத்திப் பார்க்கும் வழி இருந்தால் தெரிவிக்கவும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பொருத்தும் திருகுகளைப் பற்றிக் கேட்டபோது ‘எந்தத் திருகாயினும் பரவாயில்லை, இறுக்கமாக ஏறினால் போதும்’ என்று தங்கள் பணியாளர் தொலைபேசியில் கூறினார். நீளம் கூடிய திருகு சில ஸ்லைடுகளில், சுட்ட தோட்டாவின் வெற்று உறையை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் உள்ளுறுப்பை முட்டி அதன் இயக்கத்தைத் தடுக்கும். சுடுதளத்தில் அது எரிச்சலோடு முடியலாம். தற்காப்புக்கென்று இடுப்பில் வைத்திருப்பவருக்கு அப்படி முடியாது. என் பணத்தைவிட இந்தப் பதில்தான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது.

எனவே, ரெட் டாட்டின் முழு விலையையும் பிடித்தம் இன்றித் திருப்பித் தருமாறும், அதைத் திருப்பி அனுப்பும் அஞ்சல் செலவைத் தாங்களே ஏற்குமாறும் கோருகிறேன். பணத்துக்குப் பதிலாக, 43எக்ஸ் எம்ஓஎஸ் ஸ்லைடில் தேய்ப்பும் தட்டும் இன்றி அமரும் ஆர்எம்எஸ்சி ஃபுட்பிரின்ட் ரெட் டாட் ஒன்றைச் சரியான நீளத் திருகுகளோடு, விலை வேறுபாட்டைக் கணக்கிட்டு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்வேன். தங்கள் தளத்தில் அந்தத் துப்பாக்கிப் பக்கத்திலிருந்து 507கே பரிந்துரையை நீக்கி, ஒவ்வொரு ‘ஆப்டிக் ரெடி’ (ரெட் டாட் பொருத்த வெட்டுள்ள) துப்பாக்கிக்கும் எதிரே அதன் ஃபுட்பிரின்ட் எது, தட்டு தேவையா என்பதை எழுதுவதும் அவசியம். மேசைக்கு வந்து கையெழுத்திடப் போகும் அடுத்தவருக்காவது அது முன்கூட்டியே தெரியட்டும்.

இக்கடிதம் டெக்சாஸ் மாநிலத்தின் ஏமாற்று வணிக நடைமுறைகள் சட்டத்தின்படி, வழக்குத் தொடுப்பதற்கு 60 நாட்களுக்கு முன் தர வேண்டிய எழுத்துமூல அறிவிப்பாகவும் கொள்ளப்படும். வழக்கு வரை போக எனக்கு விருப்பமில்லை. பொறுப்பான ஒருவரின் எழுத்துமூலப் பதிலை இந்தக் காலத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

இணைப்பு: ரசீது நகல், ஆலோசனைப் பிரிவின் மின்னஞ்சல், தளப் பக்கத்தின் படம், ஸ்லைடின் மேல் ரெட் டாட் வைத்து எடுத்த படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்